இல்லாத கூண்டு

பிப்ரவரி 10, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி மட்டுமே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்க மாட்டேன், பாதகமானதை விட்டுவிடவும் மாட்டேன். இப்படி எழுதிய கையோடு, முதல் நாளே ஒரு பொய்யைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. சொன்னதுதான் பொய், அதை இங்கே எழுதுவது உண்மைதானே?

எங்கள் உயிரியல் மிஸ் பள்ளி ஆய்வகத்தில் பதினெட்டுக் காடை முட்டைகளைப் பெட்டியில் சூடு கொடுத்துப் பொரிக்க வைத்தார். பதினான்கு பொரிந்தன. அன்று கோலிக்குண்டு அளவில் இருந்தவை, ஒரு மாதத்தில் என் முஷ்டி அளவுக்கு வந்துவிட்டன. இன்று கடைசிப் பாடவேளையில் மிஸ் சொன்னார்: "இதுங்களை இனிமே இங்க வச்சுக்க முடியாது. தலைமை ஆசிரியர் ரூம் வரைக்கும் வாடை போகுதாம். யார் வீட்டுலயாவது இடம் இருக்கா? இல்லன்னா..."

மிஸ் முடிக்கவில்லை. பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த லேப் அண்ணன் முடித்துவைத்தார். "கறிக்கடையில சொல்லி வச்சிருக்கேன். கூப்பிட்டா வந்து எடுத்துக்குவான்."

வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கை தானாக மேலே போனது.

"எங்க வீட்டுல கூண்டு இருக்கு மிஸ்."

"காடைக் கூண்டா?"

"ஆமா மிஸ். கம்பிக் கூண்டு. பெருசு."

அந்தக் கடைசி வார்த்தை எதற்கு? யாரும் அளவு கேட்கவே இல்லை.

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்த்தார். "இருபத்தொண்ணாம் தேதி சனிக்கிழமை நானே கொண்டு வர்றேன். கூண்டு சரியா இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா அப்படியே கடைக்குப் போயிடும்."

எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கம்பிச் சாமான் பாத்திரம் கவிழ்க்கும் கூடை.

பிப்ரவரி 11, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர் அவர். ஓடாத பெட்டியை ஓடுகிறது என்று சொல்லி விற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறாராம், வீட்டிலேயே ஒருத்தி கிளம்புவாள் என்று நினைக்கவில்லையாம்.

அம்மா சிரிக்கவில்லை. "இல்லாததை இருக்குன்னு சொல்ல எங்கடி கத்துக்கிட்ட?"

"வேற எங்க, புத்தகத்துலதான்" என்றாள் சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. பேக்கரியில் வேலை. எங்களோடு, என் அறையில்தான் இருக்கிறாள். என்னை 'அகராதி' என்று கூப்பிடுகிறவளும் அவள்தான்.

அப்பா சொன்னார்: "விடு. சனிக்கிழமைக்குள்ள ஒரு கூண்டு வந்துட்டா பொய் தானா உண்மையாயிடும்."

ஆகுமா? இதை நெடுநேரம் யோசித்தேன். இருபத்தொன்றாம் தேதி கூண்டு இருந்தால், பத்தாம் தேதி இருந்தது என்று ஆகிவிடுமா என்ன? ஆகாது. ஆனால் காடைகளுக்குத் தேவை இருபத்தொன்றாம் தேதிதான்.

அம்மா இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, கூண்டை நானே கட்ட வேண்டும்; அப்பா பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. இரண்டு, நாளைக்கே போய் மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

உண்மையைச் சொல்லப் போனேன். ஆய்வகம் பூட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது — அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

நானும் அப்பாவும் வலைக்கடைக்குப் போனோம். நூலகப் புத்தகத்தில் 'அரை அங்குலக் கண்' என்று போட்டிருந்ததை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைவிடப் பெரிதாக இருந்தால் பறவையின் கால் கீழே நழுவி மாட்டிக்கொள்ளும்.

கடைக்காரர் காதில் பென்சிலோடு, "எலிக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. காடைக்கு."

"காடையைப் பிடிக்கவா?"

"குடிவைக்க."

அதற்குப் பிறகு அவர் மரியாதையாகப் பேசினார். கூரைக்கு மட்டும் கொஞ்சம் தடித்த வலை நல்லது என்று சொல்லி, அதை அவரே முப்பதுக்குப் பதினெட்டு என்று அளந்து வெட்டிக் கொடுத்தார். சுவருக்கும் தரைக்கும் சுருளாக வாங்கிக்கொண்டோம்.

என் திட்டம்: அகலம் முப்பது அங்குலம், ஆழம் பதினெட்டு, உயரம் முப்பது. உயரம் எதற்கு இவ்வளவு என்று அப்பா கேட்டார். "பறவைன்னா பறக்கணும்ப்பா" என்றேன். அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மாடிப்படியில் வரும்போது சுருளின் கட்டு அவிழ்ந்துவிட்டது. வலைக்கு உயிர் இருக்கிறது போல. ஒரே உதறலில் படி முழுக்க விரிந்து, கீழிறங்கி வந்துகொண்டிருந்த இரண்டாம் மாடி அங்கிளைச் சுவரோடு சேர்த்து வளைத்துக்கொண்டது. அவர் கையில் குப்பைப் பை. "என்னை விட்டுடுங்க, நான் முட்டை போட மாட்டேன்" என்றார். எங்கள் கதை இதற்குள் அவர் வரை எப்படிப் போனது என்று தெரியவில்லை. சித்தியைக் கேட்டால் மேலே பார்க்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை முழுக்க அளந்தேன், மதியம் முழுக்க வெட்டினேன். கட்டரை இரண்டு கையாலும் அமுக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் கம்பி முனை ஊசி மாதிரி நிற்கிறது. நான்கு சுவரையும் தரையையும் கட்டுக்கம்பியால் இறுக்கி, கடைசியில் கடைக்காரர் வெட்டிய கூரையைத் தூக்கி மேலே வைத்தேன்.

கூரை பெரிதாக இருந்தது. அகலத்தில் ஓர் அங்குலம், ஆழத்தில் ஓர் அங்குலம். சின்னப் பையனுக்கு அப்பா தொப்பியை மாட்டிவிட்டது மாதிரி.

கடைக்காரர்தான் தப்பாக வெட்டிவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் மெஷினில் இருந்த அம்மா காலை நிறுத்தினாள்.

"எதை வச்சு அளந்த?"

"உங்க டேப்தான்."

"மஞ்சளா?"

"ஆமா."

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அதுல முதல் அங்குலம் கிழிஞ்சு வெட்டிப் போட்டு நாலு வருஷமாச்சு. அது ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும். நான் மனசுலயே ஒண்ணைக் கூட்டிப்பேன். இந்த வீட்டுல பூனைக்குக்கூடத் தெரியும்."

"நம்ம வீட்டுல பூனை இல்லம்மா."

"இருந்திருந்தா அது சரியா அளந்திருக்கும்."

ஆக என் முப்பதெல்லாம் இருபத்தொன்பது, பதினெட்டெல்லாம் பதினேழு. எல்லாமே ஒரே மாதிரி குறைந்ததால் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. கூரை மட்டும்தான் சரி. அதனால் அது மட்டும்தான் தப்பாகத் தெரிந்தது. நீட்டிக்கொண்டிருக்கட்டும், சாரல் அடித்தால் தடுக்கும் என்று அப்பா சொன்னார்.

பிப்ரவரி 16, திங்கள்

கதவும் வைத்தாயிற்று. கூண்டு முடிந்தது. பால்கனியில் நிறுத்திவிட்டுப் பத்து அடி தள்ளி நின்று பார்த்தேன். உயரமாக, பளபளவென்று, கோபுரம் மாதிரி. என்னால் இப்படி ஒரு பொருளைச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. இதுவரை நான் செய்ததெல்லாம் காகிதத்தில்தான்.

இன்று மிஸ் என் விரல்களைப் பார்த்தார். ஐந்து பிளாஸ்திரி. "என்ன ஆச்சு, பூனையா?"

"இல்ல மிஸ். கம்பி."

இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் நான்கு பேர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள் — இல்லை, அது சாக்கு. பயம்தான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் காடைகளைப் பார்க்கப் போனேன். அவை ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. மேலே மூடி கிடையாது, துணிதான் இழுத்துக் கட்டியிருக்கிறது. நான் குனிந்து அவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது லேப் அண்ணன் கையிலிருந்து ஒரு தகரத் தட்டு கீழே விழுந்தது.

பதினான்கும் ஒரே நேரத்தில் எகிறின. பறக்கவில்லை. இறக்கையை விரித்துச் சுற்றி வருமே, அதெல்லாம் இல்லை. நேராக, செங்குத்தாக, சட்டியில் சோளம் பொரிவது மாதிரி. பொட் பொட் பொட் என்று தலை துணியில் முட்டியது.

"அதான் துணி கட்டியிருக்கு" என்றார் லேப் அண்ணன். "பயந்தா மேலதான் குதிக்கும். கம்பியா இருந்தா மண்டை பிளந்திருக்கும்."

வகுப்புக்குப் போகாமல் நேரே நூலகத்துக்கு ஓடினேன் (இதையும் ஒப்புக்கொள்கிறேன்). அதே புத்தகம். வலையின் கண் அளவு இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. காடைக்குக் கூண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதுமாம், குதிக்க இடமே கிடைக்காது. இல்லையென்றால் ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம், குதித்தாலும் எட்டாது. இரண்டுக்கும் நடுவில் கட்டினால்தான் ஆபத்து: வேகம் எடுக்கும் அளவுக்கு இடம் இருக்கும், அந்த வேகத்திலேயே தலை கம்பியில் மோதும்.

நான் கட்டியது சரியாக அந்த நடு உயரம். தடித்த கம்பிக் கூரையோடு. பறவைன்னா பறக்கணும்ப்பா.

வீட்டில் அம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள், தலைவலி என்றேன். அது பொய் இல்லை, அதற்குள் உண்மையாகவே வந்துவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

மிஸ் கவனிக்காமல் போகலாம். ஆனால் காடை கவனிக்காமல் போகாதே.

இதை நினைத்ததும் எழுந்து போய் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா கூண்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "உயரம் ஜாஸ்தி, அவ்வளவுதானே? மேல வெட்டி எறிஞ்சிடு."

"எறிய வேண்டாம்ப்பா. குறுக்க ரெண்டு தரை போட்டா மூணு மாடி ஆயிடும். ஆனா தரைக்கு வலை இல்ல. வாங்கினது தீர்ந்துபோச்சு."

கடைக்குப் போகலாம் என்றால், கடைக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறார். கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் வருவார். அப்பா பழைய ஃப்ரிட்ஜ் தட்டு இரண்டைக் கொண்டு வந்து காட்டினார். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் என் பெருவிரலே போகிறது. காடையின் கால் போகாதா?

சித்தி கட்டிலில் படுத்தபடியே, "அந்தக் கண்ணு எவ்வளவு இருக்கணும்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"அரை அங்குலம்."

"எங்க கடையில பிஸ்கட் ஆற வைக்கிற கம்பித் தட்டு இருக்குல்ல, அது எவ்வளவு இருக்கும்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அதன் மேலிருந்த பிஸ்கட்டைத்தான் பார்த்திருக்கிறேன். சித்தியிடம் ஸ்கேலைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

அரை அங்குலம். சரியாக.

சித்தி மதியமே வந்துவிட்டாள், இரண்டு கையிலும் ஐந்து தட்டோடு. வளைந்துபோய் ஒதுக்கி வைத்தவையாம். முதலாளியிடம், "எங்க வீட்டுக்குப் பதினாலு விருந்தாளி வர்றாங்க, தரை இல்ல" என்று சொல்லி வாங்கினாளாம். கூடவே எச்சம் பிடிக்க மூன்று பழைய தகரத் தட்டும். இன்று சித்தியைப் பற்றி நான் முன்பு எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன், அகராதி விஷயத்தைத் தவிர.

முன்பக்கச் சுவரைக் கழற்றினேன். நானே இறுக்கிய முடிச்சுகள். ஒவ்வொன்றையும் அவிழ்க்கும்போது இவ்வளவு நன்றாகக் கட்டியிருக்க வேண்டாமே என்று தோன்றியது.

பிப்ரவரி 20, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஒரே வேலை. ஒரு மாடிக்கு இரண்டு தட்டு பக்கத்தில் பக்கத்தில், நடு இடைவெளிக்கு முன்பு வெட்டும்போது விழுந்த துண்டு வலை. தட்டின் நீளம் இருபது அங்குலம், கூண்டின் ஆழம் பதினேழு. மூன்று அங்குலம் முன்னால் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டலாம் என்று கட்டரை எடுத்தேன். அம்மா தடுத்தாள்.

"பின்பக்கத்தை ஒரு விரல் தூக்கிக் கட்டு. அந்த நாக்கு ஓரத்தை மேல பார்த்து மடக்கி விடு."

"எதுக்கு?"

"முட்டை போட்டா உருண்டு வெளிய வந்து நிக்கும். கையை உள்ள விட்டு அதுங்களைப் பயமுறுத்த வேண்டாம் பாரு."

இது என் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அம்மா எப்போது படித்தாள்? கேட்டதற்கு, "ஓரம் மடிக்கத் தெரியாமயா இருபது வருஷமாத் தைக்கிறேன்" என்றாள். ஆனால் புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு நூல் கிடந்தது. நீல நூல்.

கீழ்மாடிக்கு மட்டும் நாக்கு கிடையாது. அது பழைய வலைத் தரை. அந்தக் குடித்தனக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறே முக்காலுக்கு மூன்றாவது கதவின் கொக்கியை மாட்டினேன். ஒவ்வொரு மாடியும் ஒன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். இப்போது கூண்டு அழகாக இல்லை. மூன்று விதக் கம்பி, கோணல் தட்டு, பெரிய தொப்பி. ஆனால் சரியாக இருக்கிறது.

பிப்ரவரி 21, சனி

விவரமாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மிஸ்ஸும் லேப் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. அதற்குள்ளிருந்து கீச்கீச்சென்று பதினான்கு பேர் பேச்சு. மிஸ் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பால்கனிக்குப் போனார். வளையலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, வெறும் கையை ஒவ்வொரு மாடிக்குள்ளும் விட்டுச் சுவர், தரை, கூரை எல்லாம் தடவினார்.

நடு மாடியில் கை நின்றது. "இது என்ன?"

கூரை மூலையில் ஒரு கம்பி முனை. ஒன்றே ஒன்று. ஓடிப்போய்க் குறடு எடுத்து வந்து வளைத்துவிட்டேன். மிஸ் மறுபடியும் தடவினார். பிறகு உயரத்தைத் தன் கையாலேயே சாண் வைத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், பேக்கரித் தட்டைப் பார்த்தார், என் பிளாஸ்திரிகளைப் பார்த்தார்.

"ரொம்ப நாளா இருக்கா இந்தக் கூண்டு?"

அப்பா மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். சித்தி அட்டைப்பெட்டி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஆமா மிஸ்' என்று சொன்னால் முடிந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் மிஸ் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடக்கூடும்.

"நேத்து சாயங்காலம் ஆறே முக்கால்ல இருந்து மிஸ்" என்றேன். குரல் கொக்கி மாதிரி வளைந்தது. "அன்னைக்கு நான் சொன்னப்போ கூண்டே இல்ல. கடைக்குப் போயிடும்னு பயந்து சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சொல்ல வந்தேன், ரூம் பூட்டியிருந்துச்சு. அப்புறமும் சொல்லியிருக்கலாம். சொல்லல."

லேப் அண்ணன் பெட்டியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "மிஸ், நீங்களும் சொல்லிடுங்களேன்" என்றார்.

"நீ சும்மா இருப்பா."

"இல்ல, பொண்ணு பாவம்..."

மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார். "அன்னைக்குச் சாயங்காலம் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, காலையில இதுங்க இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு மாணவி வீட்டுல அருமையான கூண்டு இருக்கு சார், நானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன், பத்து நாள் மட்டும் டைம் குடுங்கன்னு கேட்டேன்."

"பார்த்துட்டு வந்தேன்னா?" என்றார் அப்பா.

"பார்த்துட்டு வந்தேன்னு. பெருசா இருக்கான்னு கேட்டார். ரொம்பப் பெருசுன்னேன்."

முதலில் சிரித்தது அம்மாதான். பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது மாதிரி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேரையும் சேர்த்து முட்டி போட வைக்கணும்" என்றாள். மிஸ்ஸிடம் இப்படிப் பேசலாமா? மிஸ்ஸும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லிட்ட. நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல. திங்கட்கிழமை சொல்றேன்." அண்ணனிடம், "பெட்டியைத் திற" என்றார்.

மேல்மாடிக்கு ஐந்து, நடுவுக்கு ஐந்து, கீழே நான்கு. நானே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விட்டேன். உள்ளங்கையில் வைத்தால் அவற்றின் நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது! கடைசியாக மிஸ் இரண்டு கையையும் உயர்த்திப் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். பதினான்கும் எகிறப் பார்த்தன. எகிற இடமில்லை. கொஞ்சம் குழம்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு சாப்பிடப் போய்விட்டன.

பிப்ரவரி 23, திங்கள்

மிஸ் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் இந்த மாதம் முடியும் வரை சாயங்காலம் பஸ் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை மிஸ்ஸுக்குத்தான். வெயிலில் நின்றபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று மூன்று முட்டை. மேல்மாடியில் இரண்டு உருண்டு வந்து நாக்கில் நின்றன. நடு மாடியில் ஒன்று பாதி வழியில் தட்டின் வளைவில் மாட்டிக்கொண்டது. அம்மா தையல் ஸ்கேலால் மெதுவாகத் தள்ளி வெளியே கொண்டு வந்தாள். இரண்டாம் மாடி அங்கிள் படியில் பார்த்தபோது, "நான் போடலைன்னாலும் யாரோ போடுறாங்க போல" என்றார்.

ஆய்வகத்தில் சூட்டுப் பெட்டி மறுபடியும் ஓடுகிறது. ஏழாம் வகுப்புக்காம். இருபது முட்டை. வகுப்பு முடிந்ததும் மிஸ் என்னை நிறுத்தி, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்க வீட்டுல இன்னொரு கூண்டு இருக்கா?"

"இல்ல மிஸ்."

மிஸ் தலையசைத்தார். நான் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"கட்டினா இருக்கும் மிஸ். மூணு வாரம் ஆகும்."

"எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க."

வீட்டில் சொன்னேன். அப்பா கட்டருக்கு எண்ணெய் போட்டார். அம்மா டிராயரிலிருந்து புது டேப் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள். முதல் அங்குலம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. இந்த முறை எத்தனை அடி வலை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு எட்டு, தரைக்கு — "அகராதி, விடிகாலையில எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிச் சித்தி விளக்கை அணைத்துவிட்டாள்.